புது டிவியில் ஆன்டெனா சேனல்கள் வரவில்லையா? அறிகுறியிலிருந்து தொடங்குங்கள்

பழைய டிவியில் நேற்றுவரை ஓடிய சேனல்கள் புது டிவியில் வராவிட்டால், "டிவியிலேயே கோளாறு, திருப்பிக் கொடுத்துவிடலாம்" என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். உறவினர், நண்பர், அக்கம்பக்கம் என்று பல வீடுகளில் இந்தப் பழுதைச் சரிசெய்து கொடுத்திருக்கிறேன். டிவியே காரணமாக இருந்தது மிக அரிது. டிவியை மாற்றும்போது இரண்டு காரியங்கள் நடக்கின்றன. பல வருடங்களாக அசையாமல் கிடந்த கேபிளைக் கழற்றி மாட்டுகிறோம். பழைய டிவியில் எப்போதோ செய்துவைத்த அமைப்புகளும் அந்த டிவியோடு போய்விடுகின்றன. பழுது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டில் என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஒவ்வொன்றிலும் காசு செலவாகாத சோதனை முதலில் வரும், செலவு வைப்பது கடைசியில் வரும்.

தொடங்கும் முன்

பழைய டிவி இன்னும் வீட்டில் இருந்தால் அதை இரண்டு நாளைக்கு யாருக்கும் கொடுக்காதீர்கள். இந்த வேலைக்கு அதைவிட நல்ல சோதனைக் கருவி கிடையாது. கோளாறு கேபிளிலா, டிவியிலா என்ற கேள்விக்கு அது ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முனையையும் மாற்றி, பூஸ்டரையும் (சிக்னலைப் பெருக்கும் கருவி) கழற்றி, சேனல் ஸ்கேனும் ஓடவிட்ட பிறகு படம் வந்தால், எதனால் வந்தது என்று தெரியாது. மறுபடி போகும்போது முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

கையில் ஒரு டார்ச், இரண்டு பக்கமும் முனை போட்டு வரும் ஒன்றிரண்டு மீட்டர் நல்ல கேபிள், முடிந்தால் மின்தொடர்பை அளக்கும் ஒரு மல்டிமீட்டர் இருக்கட்டும். எதையும் கழற்றும் முன் டிவியின் பின்புறத்தைச் செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பூஸ்டர் இருந்தால், கேபிளைத் தொடும் முன் அதன் பவர் அடாப்டரைப் பிளக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். கூரைமேல் ஏறும் வேலை எதுவும் இந்த வழிமுறையில் இல்லை.

## கேபிள் முனை டிவி சாக்கெட்டில் பொருந்தவே இல்லை

ஆன்டெனா கேபிள் முனைகளில் பரவலாக இருப்பவை இரண்டு வகை. திருகிப் பூட்டுவது ஒன்று, அதை எஃப் கனெக்டர் என்பார்கள். நடுவில் பின்னுடன் இருக்கும் வழவழப்பான குழாய் இன்னொன்று. அது ஏறக்குறைய 9.5 மில்லிமீட்டர் அகலம் இருக்கும், அழுத்திச் செருகினால் போதும். கேபிள் ஒரு வகை, டிவி இன்னொரு வகை என்றால் இரண்டையும் இணைக்கும் சிறிய அடாப்டர் கிடைக்கும்.

முனையை வெட்டிவிட்டு வெறும் கம்பியைச் சாக்கெட்டுக்குள் நுழைக்க மட்டும் செய்யாதீர்கள். நடுக்கம்பி தொட்டு, சுற்றியுள்ள பின்னல் வலை தொடாமல் போனாலும் சில சேனல்கள் வரும். "வேலை செய்கிறதே" என்று விட்டுவிடுவார்கள். மீதி சேனல்கள் ஏன் வரவில்லை என்ற தேடல் மாதக்கணக்கில் நீளும்.

பழைய ஆன்டெனாக்களிலிருந்து பட்டையான இரட்டைக் கம்பி வந்தால் அது 300 ஓம் வகை. டிவி சாக்கெட் 75 ஓம். நடுவே பாலன் என்ற சிறிய இணைப்பான் வேண்டும்.

பொருந்தும் சாக்கெட் இரண்டு இருந்தால்

இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். பல புது டிவிகளில் டிஷ்ஷுக்குத் தனி சாக்கெட் உண்டு. அழுத்திச் செருகுவது ஒன்றும் திருகுவது ஒன்றுமாக இருந்தால், திருகுவதுதான் பெரும்பாலும் டிஷ்ஷுக்கு. உங்கள் கேபிளில் திருகு முனை இருக்கிறது என்பதற்காக அதில் பூட்டினால் ஒரு சேனலும் வராது. அந்த சாக்கெட் டிஷ்ஷில் சிக்னலை வாங்கும் கருவியான எல்என்பிக்கு 13 அல்லது 18 வோல்ட் அனுப்பும் என்பதால், ஆன்டெனா பூஸ்டர் கெட்டுப்போகவும் வாய்ப்பு உண்டு. 'ஆன்ட்', 'ஏர்', 'ஆர்எஃப்' போன்ற எழுத்துகள் உள்ளதுதான் ஆன்டெனாவுக்கு. 'சேட்', 'எல்என்பி' என்று இருந்தால் டிஷ்ஷுக்கு. கறுப்புப் பிளாஸ்டிக்கில் கறுப்பாகவே பொறித்திருப்பார்கள், டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஆன்டெனா சாக்கெட்டே இல்லையென்றால் கையேட்டில் 'ட்யூனர்' என்ற சொல்லைத் தேடுங்கள். ஆன்டெனா சிக்னலை வாங்கிச் சேனலாக்கும் பகுதி அது. ட்யூனர் இல்லாத திரைகளும் விற்கின்றன. அவற்றுக்குத் தனியாக ஒரு செட்டாப் பாக்ஸ் வாங்கி எச்டிஎம்ஐ வழியாக இணைப்பதே வழி.

## "சிக்னல் இல்லை" என்று வருகிறது, ஒரு சேனலும் இல்லை

1. டிவி எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது?

ரிமோட்டில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' பொத்தானை அழுத்துங்கள். டிவி எச்டிஎம்ஐ இன்புட்டில் நின்றால், ஆன்டெனா எவ்வளவு நன்றாக இருந்தாலும் "சிக்னல் இல்லை" என்றுதான் சொல்லும். 'டிவி', 'லைவ் டிவி', 'ஆன்டெனா' என்று எழுதியிருப்பதற்கு மாற்றுங்கள். புது டிவி முகப்புத் திரை முழுக்க இணையச் செயலிகளாக இருப்பதால் இந்த இன்புட்டைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கும். நான் போன வீடுகளில் கணிசமானவை இந்த ஒரு பொத்தானோடு முடிந்திருக்கின்றன.

2. ஸ்கேன் நடந்ததா, சரியான வகையில் நடந்ததா?

பழைய டிவியின் சேனல் பட்டியல் புது டிவிக்குத் தானாக வராது. முதல்முறை டிவியைப் போடும்போது பலர் ஸ்கேனைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், அல்லது கேபிளை மாட்டும் முன்பே ஓடவிடுகிறார்கள். கேபிளை மாட்டிவிட்டு மெனுவில் சேனல் ஸ்கேனை மறுபடி ஓட்டுங்கள். அப்போது மூன்று அமைப்புகளைப் பாருங்கள்.

முதலாவது, சிக்னல் வகை. ஆன்டெனா, கேபிள், சாட்டிலைட் என்று கேட்கும். வயரைக் கேபிள் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம், அதனால் 'கேபிள்' என்பதைத் தேர்ந்தெடுப்பது இயல்பான தவறு. அங்கே கேபிள் என்பது கேபிள் டிவி நிறுவனத்தின் இணைப்பு. நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியது 'ஆன்டெனா' அல்லது 'ஏர்'.

இரண்டாவது, நாடு. டிவி எந்த அலைவரிசைகளில் தேட வேண்டும், ஒவ்வொரு அலையும் 6, 7, 8 மெகாஹெர்ட்ஸில் எவ்வளவு அகலம் என்பதையெல்லாம் நாட்டை வைத்துத்தான் முடிவு செய்கிறது. அவசரத்தில் பட்டியலின் முதல் நாட்டையே ஏற்றுக்கொண்டால், சிக்னல் இருந்தும் ஸ்கேன் வெறுங்கையோடு திரும்பலாம். சில டிவிகளில் நாட்டை மாற்ற முதல்முறை அமைப்பை மறுபடி ஓட்ட வேண்டும்.

மூன்றாவது, டிஜிட்டலா அனலாகா. எது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் இரண்டையும் சேர்த்தே தேடவிடுங்கள். நேரம் கூடும், ஆனால் விட்டுப்போகாது.

3. முனையைக் கண்ணால் பாருங்கள்

கழற்றிக் கையில் பிடித்து டார்ச் அடியுங்கள். திருகு முனையில் நடுக்கம்பி விளிம்பைத் தாண்டி 2 முதல் 3 மில்லிமீட்டர் நீட்டியிருக்க வேண்டும். உள்ளே போயிருந்தால் சாக்கெட்டைத் தொடாது. அதிகம் நீண்டிருந்தால் வளைந்து பக்கச் சுவரைத் தொடும். வளைந்திருந்தால் மெல்ல நிமிர்த்துங்கள். ஒரு முறை நிமிர்த்தலாம், மூன்றாம் முறை ஒடிந்துவிடும்.

அடுத்து பின்னல் வலை. தலைமுடி அளவுள்ள ஒரே ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும், மொத்த சிக்னலும் ஷார்ட் ஆகிவிடும். கையால் செய்த முனைகளில் நான் அதிகம் பார்த்த பிழை இது. பழைய டிவியில் கேபிள் கிடந்த கோணத்தில் இழை தொடாமல் இருந்திருக்கும், புது டிவிக்குத் திருப்பி மாட்டியதும் தொட்டுவிடும். இழையை எடுத்துவிடுங்கள்.

நடுக்கம்பியில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. கேபிளை இரண்டு சென்டிமீட்டர் பின்னால் வெட்டிப் பாருங்கள். உள்ளே செம்பு பளபளப்பாக இருந்தால் புது முனை போட்டால் போதும். வெட்டிய இடத்திலும் கறுப்போ பச்சையோ இருந்தால் அந்தக் கேபிளை மாற்றுவதே நல்லது.

4. பூஸ்டருக்கு மின்சாரம் போகிறதா?

புது டிவி வாங்கியவர்கள் தாங்களாகக் கண்டுபிடிக்கவே முடியாத காரணம் இதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பல ஆன்டெனாக்களுக்குள் ஒரு சிறிய பூஸ்டர் உண்டு. அதற்கு மின்சாரம் வேண்டும். தனி அடாப்டரிலிருந்து வந்தால் கண்ணுக்குத் தெரியும். ஆனால் சில வீடுகளில் பழைய டிவியோ செட்டாப் பாக்ஸோ ஆன்டெனா கேபிள் வழியாகவே 5 வோல்ட் அனுப்பிக்கொண்டிருந்திருக்கும். வேறு சில வீடுகளில் பழைய டிவியின் யுஎஸ்பி சாக்கெட்டில் பூஸ்டரின் வயர் செருகியிருக்கும். டிவியை மாற்றியதும் அந்த மின்சாரம் நின்றுவிடும். மின்சாரம் இல்லாத பூஸ்டர் சிக்னலை அப்படியே விடாது, பெரும்பாலும் அடைத்துவிடும்.

மெனுவில் 'ஆன்டெனா பவர்' அல்லது '5 வோல்ட்' என்று ஒரு அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பல டிவிகளில் அது அணைக்கப்பட்டே வரும். உங்கள் ஆன்டெனா 5 வோல்ட் வகை என்று தெரிந்தால் மட்டும் போடுங்கள். போட்டவுடன் டிவி ஓவர்லோட் அல்லது ஷார்ட் என்று எச்சரித்தால் உடனே அணைத்துவிடுங்கள். மின்சாரம் தேவையில்லாத ஆன்டெனாவாக இருக்கலாம், கேபிளில் ஷார்ட்டும் இருக்கலாம்.

கூரைமேல் கம்பத்தில் இருக்கும் பூஸ்டர்களுக்கு 12 அல்லது 24 வோல்ட் தேவைப்படுவது சகஜம். அவற்றுக்கு டிவியின் 5 வோல்ட் போதாது, வீட்டுக்குள் எங்காவது ஒரு பவர் யூனிட் இருக்கும். பழைய டிவியை எடுத்து வைத்தபோது அதன் பிளக்கையும் பிடுங்கிவிட்டார்களா என்று பாருங்கள். அந்த யூனிட்டில் இரண்டு சாக்கெட் இருக்கும்: ஒன்று ஆன்டெனா பக்கம், மற்றது டிவி பக்கம். மாற்றி மாட்டினால் மின்சாரம் பூஸ்டருக்குப் போகாமல் டிவியை நோக்கி வரும்.

நடுவில் ஸ்ப்ளிட்டர் (ஒரு சிக்னலைப் பல டிவிகளுக்குப் பிரிப்பது) இருந்தால் இன்னொரு விஷயம். பல ஸ்ப்ளிட்டர்களில் ஒரு வாசல் மட்டுமே மின்சாரத்தைக் கடக்கவிடும், அதற்கு மேல் சிவப்புக் கோடோ 'பவர் பாஸ்' என்ற எழுத்தோ இருக்கும். புது டிவி வேறு வாசலில் மாட்டப்பட்டால் பூஸ்டர் இறந்துபோனது போலத்தான் தெரியும்.

5. வழியில் வேறு பெட்டி இருந்ததா?

ஆன்டெனா நேராக டிவிக்கு வராமல் ஒரு பழைய ரெக்கார்டர் அல்லது செட்டாப் பாக்ஸ் வழியாக வந்திருக்கலாம். அந்தப் பெட்டி அணைந்திருந்தால் சில மாடல்களில் சிக்னலும் நின்றுவிடும். பெட்டியை விட்டுவிட்டு நேராக மாட்டிப் பாருங்கள். சுவரில் இரண்டு துளைகள் உள்ள தகடு இருந்தால் ஒன்று ரேடியோவுக்கானதாக இருக்கலாம், மற்றதில் செருகிப் பாருங்கள்.

6. இனி பழைய டிவி

இவ்வளவும் பார்த்தும் வரவில்லையென்றால், அதே கேபிளைப் பழைய டிவியில் மாட்டுங்கள்.

பழைய டிவியிலும் வரவில்லை: கோளாறு கேபிள், பூஸ்டர், ஆன்டெனா மூன்றில் ஒன்று. புது டிவிமேல் சந்தேகம் வேண்டாம். கீழே 'தொட்டால் வருகிறது' பகுதியில் சொல்லும் மல்டிமீட்டர் சோதனைக்குப் போங்கள்.

பழைய டிவியில் வருகிறது: கேபிள் சரி. மெனு அமைப்புகளை மறுபடி பாருங்கள், டிவி மென்பொருளைப் புதுப்பியுங்கள், பிறகு ஸ்கேன். அதன்பின்னும் இல்லையென்றால் புது டிவியின் ட்யூனரில் கோளாறு இருக்கலாம். உத்தரவாதத்தில் இருக்கும்போதே கூப்பிடுங்கள். டிவியைத் திறக்க வேண்டாம்.

## சேனல்கள் வருகின்றன, ஆனால் சில மட்டும் இல்லை

விட்டுப்போன சேனல்களை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். டிஜிட்டல் ஒளிபரப்பில் ஒரே அலைவரிசையில் பல சேனல்கள் கட்டாக வரும். அதனால் கோளாறு இருந்தால் அந்தக் கட்டு மொத்தமாகக் காணாமல் போகும். ஒரு கட்டில் ஒரு சேனல் மட்டும் இல்லை, மற்றவை நன்றாக இருக்கின்றன என்றால் கேபிளில் தேடிப் பயனில்லை. ஸ்கேனில் 'இலவச சேனல்கள் மட்டும்' என்று தேர்ந்திருக்கலாம், அல்லது ஒளிபரப்பாளரே நிறுத்தியிருக்கலாம்.

கட்டாகப் போயிருந்தால், அவை எந்த அலைவரிசையில் வருபவை என்று டிவியின் சிக்னல் தகவல் திரையில் பாருங்கள். ஸ்கேனில் பதிவே ஆகாத சேனல்களுக்கு அலைவரிசை எண்ணைக் கையால் கொடுத்துத் தேடலாம்.

குறைந்த அலைவரிசைகள், அதாவது விஎச்எஃப், போயிருந்தால் நடுக்கம்பியோ பின்னல் வலையோ சரியாகத் தொடவில்லை என்று சந்தேகப்படுங்கள். அறுந்த இடத்தில் மிகச் சிறிய இடைவெளி இருந்தாலும் உயர் அலைகள் தாண்டிவிடும், தாழ்ந்தவை நின்றுவிடும். சிறிய தட்டை ஆன்டெனாக்கள் விஎச்எஃப்பைச் சரியாகப் பிடிக்காததும் உண்டு.

உயர் அலைவரிசைகள், அதாவது யுஎச்எஃப்பின் மேல்பகுதி, போயிருந்தால் கேபிள் நீளம், கேபிளுக்குள் தண்ணீர், தரம் குறைந்த இணைப்புகள் ஆகியவற்றைப் பாருங்கள். சாதாரணமாகப் பயன்படும் ஆர்ஜி-6 கேபிளிலேயே 30 மீட்டர் போவதற்குள் யுஎச்எஃப் சிக்னலில் ஏறக்குறைய முக்கால் பங்கு கரைந்துவிடும். மெல்லிய ஆர்ஜி-59 அதைவிட அதிகம் தின்னும். வகை எது என்பது கேபிளின் மேலுறையிலேயே அச்சிட்டிருக்கும். டிவியை வேறு அறைக்கு மாற்றி, கேபிளை ஒட்டி நீட்டியிருந்தால் இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

இரண்டுமில்லாமல் கலந்து போயிருந்தால் தரநிலை காரணமாக இருக்கலாம். நாட்டுக்கு நாடு ஒளிபரப்பு முறை வேறு: டிவிபி-டி, டிவிபி-டி2, ஏடிஎஸ்சி, ஐஎஸ்டிபி-டி என்று பல உண்டு. வேறு நாட்டிலிருந்து கொண்டுவந்த டிவியாக இருந்தால் டிவிபி-டி2 இல்லாமல் பழைய டிவிபி-டி மட்டும் இருக்கக்கூடும். இதற்குக் கேபிளில் மருந்து கிடையாது, பொருத்தமான செட்டாப் பாக்ஸ் வேண்டும்.

## படம் கட்டம் கட்டமாக உடைகிறது, உறைந்து நிற்கிறது, ஒலி வெட்டுகிறது

பழைய அனலாக் படத்தில் சிக்னல் குறையக் குறையப் புள்ளி கூடும், கண்ணுக்குத் தெரியும். டிஜிட்டலில் ஓர் எல்லைவரை படம் முழுசாக இருக்கும், எல்லையைத் தாண்டினால் ஒரேயடியாக உடையும். எனவே கண்ணை நம்ப முடியாது, மெனுவில் உள்ள எண்களைப் பாருங்கள். 'சிக்னல் வலு', 'சிக்னல் தரம்' என்று இரண்டு அளவுகள் இருக்கும். ஒவ்வொரு தயாரிப்பாளரும் இந்தச் சதவீதங்களை வேறு விதமாகக் கணக்கிடுகிறார்கள், ஆகவே பழைய டிவியில் 80 இருந்தது, புதியதில் 60தான் என்று ஒப்பிடாதீர்கள். ஒரே டிவியில் ஒன்றை மாற்றும் முன்னும் பின்னும் ஒப்பிடுங்கள்.

வலுவும் குறைவு, தரமும் குறைவு. சிக்னல் வழியில் எங்கோ போகிறது. டிவி பக்க முனையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றி மாட்டுங்கள். சுவரில் தொங்கவிட்ட புது டிவி என்றால் பின்னால் கேபிள் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். டிவிக்கும் சுவருக்கும் இடையே இரண்டு விரல் இடமே இருக்கும்போது கேபிள் சாக்கெட்டிலிருந்து செங்குத்தாக மடியும், உள்ளேயுள்ள வெள்ளை நுரை நசுங்கும். ஆர்ஜி-6 கேபிள் 7 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளையக் கூடாது. எல் வடிவ அடாப்டர் ஒன்று போட்டால் தீர்ந்துவிடும். பிறகு ஸ்ப்ளிட்டரைக் கழற்றி நேராக இணைத்துப் பாருங்கள். கடைசியில்தான் ஆன்டெனாவின் திசை.

வலு நிறைய, தரம் குறைவு அல்லது துள்ளுகிறது. இதில் எல்லோரும் செய்யும் தவறு இன்னொரு பூஸ்டர் வாங்குவது. கோபுரம் பக்கத்தில் இருந்தால் சிக்னல் அளவுக்கு மீறி வந்து ட்யூனர் திணறுகிறது என்று அர்த்தம். பூஸ்டரை முழுவதுமாக விலக்கி நேராக மாட்டிப் பாருங்கள். பூஸ்டரே இல்லையென்றால் வீட்டில் கிடக்கும் இரண்டு வழி ஸ்ப்ளிட்டர் வழியாக மாட்டுங்கள், அது சிக்னலைப் பாதி அளவுக்கும் கொஞ்சம் கீழே இறக்கும். படம் நன்றாக ஆனால் சிக்னல் அதிகம் என்பதே நோய், சிக்னலைக் குறைக்கும் ஒரு அட்டெனுவேட்டர் போதும்.

பல நாடுகளில் முன்பு டிவிக்கு இருந்த 700, 800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள் இப்போது செல்பேசிக்குப் போய்விட்டன. பழைய ஆன்டெனாவும் பூஸ்டரும் அவற்றையும் சேர்த்துப் பிடித்துப் பெருக்கி டிவிக்கு அனுப்புகின்றன. அருகில் செல்பேசிக் கோபுரம் இருந்தால் 4ஜி அல்லது 5ஜி ஃபில்டர் ஒன்றைப் பூஸ்டருக்கு முன்னால் போட வேண்டும், பின்னால் போட்டால் பயன் குறைவு.

இரண்டும் நன்றாக இருக்கின்றன, ஆனாலும் அவ்வப்போது உடைகிறது. எப்போது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் கேம் பெட்டியைப் போட்டால் மட்டும் ஒரு கட்டுச் சேனல்கள் உடைந்தன. அங்கே எச்டிஎம்ஐ வயரும் ஆன்டெனா வயரும் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன. பிரித்து ஒரு கை தூரம் தள்ளி வைத்ததும் நின்றுவிட்டது. குறிப்பிட்ட எல்இடி விளக்கு எரியும்போது மட்டும் உடைவதும் உண்டு. மழை பெய்து முடிந்த பிறகு பல மணி நேரம் உடைந்தால் வெளி இணைப்பில் தண்ணீர். காற்றடிக்கும்போது மட்டும் என்றால் ஆன்டெனாவோ கம்பமோ ஆடுகிறது, அல்லது மரக்கிளை குறுக்கே வருகிறது.

## கேபிளைத் தொட்டால் வருகிறது, விட்டால் போகிறது

தொடர்பு விட்டுவிட்டுக் கிடைக்கிறது. கேபிளை டிவியின் அருகில் மெல்ல அசைத்துப் பாருங்கள், பிறகு ஒவ்வொரு அடியாகத் தள்ளிப் போங்கள். அசைக்கும்போது எங்கே படம் மாறுகிறதோ அங்கேதான் கோளாறு. நீங்கள் தயாராக வைத்திருக்கும் நல்ல கேபிளைச் சுவர்த் தகட்டிலிருந்து டிவிக்குப் போட்டுப் பாருங்கள். சரியாகிவிட்டால் பழையதை வீசிவிடலாம்.

டிவியின் சாக்கெட்டே ஆடினால் மேற்கொண்டு இறுக்காதீர்கள். திருகு முனையைக் கையால் இறுக்கி, அதற்கு மேல் மெல்ல ஒரு சிறு திருப்பு போதும். ஸ்பானரால் முறுக்கி சாக்கெட்டை உள்ளே போர்டிலிருந்து பிய்த்த டிவிகளைப் பார்த்திருக்கிறேன், வருத்தமான செலவு அது. கனமான கேபிள் சாக்கெட்டில் தொங்காமல் இருக்க டிவியின் பின்புறம் ஒரு கிளிப்பில் கட்டிவிடுங்கள்.

மல்டிமீட்டர் சோதனை

கேபிளின் இரண்டு முனைகளையும் எல்லாவற்றிலிருந்தும் கழற்றுங்கள். ஆன்டெனா இணைந்தே இருந்தால் அளவு தவறாக வரும், ஏனென்றால் பல ஆன்டெனாக்கள் மல்டிமீட்டருக்கு ஷார்ட் போலவே தெரியும். நடுக்கம்பிக்கும் வெளி உலோகத்துக்கும் இடையே ஓம் அளவு பாருங்கள். தொடர்பு இல்லை என்று காட்ட வேண்டும். பீப் ஒலித்தால் ஷார்ட். அது பெரும்பாலும் முனைக்குள்ளேதான் இருக்கும், இரண்டு முனைகளையும் புதிதாகப் போட்டு மறுபடி பாருங்கள். அடுத்து, ஒரு பக்கத்தில் நடுக்கம்பியையும் வெளி உலோகத்தையும் ஒரு சிறு கம்பியால் இணைத்துவிட்டு மறுபக்கம் அளந்து பாருங்கள். சில ஓம் மட்டும் காட்டினால் கேபிள் முழுசாக இருக்கிறது. எதுவும் காட்டாவிட்டால் நடுவில் அறுந்திருக்கிறது.

மறுமுனை கூரைமேல் மட்டுமே இருக்கிறது என்றால் இந்தச் சோதனையை நீங்கள் செய்ய வேண்டாம்.

## படம் மட்டும், அல்லது ஒலி மட்டும்

எல்லாச் சேனலிலும் ஒலி இல்லையென்றால் ஆன்டெனாவை விட்டுவிட்டு டிவியின் ஒலி அமைப்பைப் பாருங்கள், ஒலி வெளியே உள்ள ஸ்பீக்கருக்குப் போக வைக்கப்பட்டிருக்கும். ஒரு சில சேனல்களில் மட்டும் என்றால் மெனுவில் ஒலி மொழியை மாற்றிப் பாருங்கள். ஒலி தெளிவாக வருகிறது, படம் கறுப்பு என்றால் அந்தச் சேனல் பயன்படுத்தும் பட முறையை டிவி படிக்கவில்லை. மென்பொருள் புதுப்பித்தலோ செட்டாப் பாக்ஸோதான் வழி.

## புது டிவி வந்ததும் இன்னொரு அறை டிவி கெட்டுவிட்டது

புதிதாக ஸ்ப்ளிட்டர் போட்டிருப்பீர்கள். இரண்டு வழி ஸ்ப்ளிட்டர் ஒவ்வொரு டிவிக்கும் பாதிக்குக் குறைவாகக் கொடுக்கும், நான்கு வழி கால் பங்குக்கும் குறைவு. இரண்டு டிவிக்கு நான்கு வழி போட்டிருந்தால் இரண்டு வழிக்கு மாற்றுங்கள். காலியாக இருக்கும் வாசல்களுக்கு 75 ஓம் மூடி போடுங்கள். அப்படியும் போதாவிட்டால் பூஸ்டர் வேண்டும், ஆன்டெனாவுக்குப் பக்கத்தில். டிவிக்குப் பக்கத்தில் வைத்தால் வழியில் சேர்ந்த இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும்.

## கேபிள் முனையைத் தொட்டால் கையில் சுரீரென்கிறது

இங்கே நிறுத்துங்கள். டிவி, பூஸ்டர், செட்டாப் பாக்ஸ் எல்லாவற்றின் பிளக்கையும் எடுங்கள், கேபிளை மறுபடி தொடாதீர்கள். சில கருவிகளில் சிறு கசிவு இயல்பாகவே இருக்கும், ஆனால் அது இயல்பான கசிவா, ஆபத்தான மின்சாரமா என்று கையால் தொட்டு முடிவு செய்ய முடியாது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பொறி பறந்தாலோ முனை சூடாக இருந்தாலோ அன்றைக்கே.

## எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

ஆன்டெனா கம்பத்தைத் தொட வேண்டும், கூரைமேல் போக வேண்டும் என்றால் அதற்கான ஆள்தான். பக்கத்தில் மின்கம்பி போகிறதென்றால் பேச்சே இல்லை. இடி மின்னல் நேரத்தில் வீட்டுக்குள் இருக்கும் கேபிள் முனையைக்கூடத் தொடாதீர்கள். சுவருக்குள் போகும் கேபிள் அறுந்திருந்தாலும், பல வீடுகளுக்குப் பொதுவான ஆன்டெனா என்றாலும் நீங்களாகத் திறக்காதீர்கள். பொதுவான ஆன்டெனா என்றால் பக்கத்து வீட்டிலும் அதே பழுது இருக்கிறதா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.

கூப்பிடும்போது "படம் வரவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். பழைய டிவியில் வருகிறதா இல்லையா, எந்தெந்தச் சேனல்கள் இல்லை, அவற்றின் வலுவும் தரமும் எவ்வளவு, பூஸ்டர் உண்டா, அதற்கு எத்தனை வோல்ட், மழைக்கும் பழுதுக்கும் தொடர்பு உண்டா என்று சொன்னால், அவர் தேவையான பொருளோடு வருவார். ஆன்டெனாவையே மாற்ற வேண்டும் என்று உடனே சொன்னால், உங்கள் கேபிளில் மீட்டர் வைத்து ஆன்டெனா அடியிலும் டிவி முனையிலும் அளந்து காட்டச் சொல்லுங்கள். அடியில் நன்றாக இருந்து டிவியில் குறைந்தால் ஆன்டெனா நிரபராதி, மாற்ற வேண்டியது கேபிள்.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு அலைவரிசைக் கட்டிலிருந்தும் ஒரு சேனலைத் திறந்து அதன் வலு, தரம் எண்களை ஒரு தாளில் எழுதி டிவியின் பின்புறம் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை படம் உடையும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தாள்தான்.